ஒத்து ஊதும் பாடினி: பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் பாணருக்கு எந்தப் பள்ளி?

மூன்றாம் நிலைக்கு வந்ததும் பால்டர்ஸ் கேட் 3 என்கிற கணினி ஆட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: நீ எந்தப் பள்ளியில் பயின்ற பாணர்? லோர், வேலர், ஸ்வார்ட்ஸ் என்று மூன்று பெயர்கள் திரையில் நிற்கும். 2025 ஏப்ரலில் வந்த எட்டாம் புதுப்பிப்புக்குப் பிறகு கிளாமர் என்று நான்காவதும் சேர்ந்துகொண்டது. ஒன்றைத் தொட்டால்தான் மேலே நகரலாம். நான் அந்தத் திரைக்கு முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தஞ்சாவூர் விடுதியில் அண்ணன் மகன், சிங்கப்பூரில் தம்பி, மன்னார்குடியில் என் தோழி என மூவரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அத்தை, தீபாவளிக்குப் புடவை எடுக்கக்கூட நீங்கள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டீர்களே" என்றான் பையன். "ஸ்வார்ட்ஸைத் தொடுங்கள். எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்."

எல்லோரும் எடுக்கிறார்கள் என்று சொன்னால் எனக்குக் கை வராது. லோரைத் தொட்டேன். பிறகு மனம் மாறி ஸ்வார்ட்ஸுக்குப் போனேன், வேலரை எட்டிப் பார்த்தேன், மறுபடியும் லோருக்கே திரும்பினேன். அந்த அலைச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், தீர்ப்பை எடைபோட வசதியாக இருக்கும். குத்தாலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுவதும் பட்டா, சிட்டா, ஆதார் நகல். நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது. சனிக்கிழமை இரவு மட்டும் எட்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு, ஒன்பது மணிக்கு அதே கணினியில் உட்கார்ந்துவிடுவேன். தம்பிக்கு அங்கே அப்போது பதினொன்றரை. அவன் மனைவியிடம் பேசி வாங்கிய நேரம் அது. ஒரு நிமிடத்தையும் வீணாக்க முடியாது. ஆட்டம் வட்டில் 150 ஜிபி இடம் கேட்கிறது. எங்கள் தெரு இணைப்பில் அது இறங்கி முடிய நான்கு இரவுகள் பிடித்தன. இரண்டாம் இரவு மழையில் மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் ஓய்ந்து, பாதியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்டது. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்மேல் கட்டியது. எதைச் செய்தாலும் இருபது முகப் பகடை உருளும். தனியாகவும் ஆடலாம், இணையத்தில் நான்கு பேர்வரை சேர்ந்தும் ஆடலாம். பன்னிரண்டாம் நிலையோடு வளர்ச்சி நின்றுவிடும். தமிழ் கிடையாது, எழுத்தும் பேச்சும் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான். அதிலும் எழுத்து மிகப் பொடி. நாற்பதைக் கடந்த கண்ணுக்கு அது ஒரு தண்டனை.

பாணரை ஆங்கிலத்தில் பார்ட் என்கிறார்கள். என் பாத்திரம் பெண் என்பதால் நான் பாடினி என்று வைத்துக்கொண்டேன். வாய்ச்சாலகம்தான் பாடினியின் பலம். ஊர்க்காரர்களிடம் பேசிக் காரியம் சாதிப்பாள், சிறு மந்திரங்கள் தெரியும், கொஞ்சம் குணமாக்குவாள், பூட்டும் திறப்பாள். இரண்டாம் நிலையில் ஓய்வுப் பாட்டு ஒன்று வரும். அதைப் பாடினால் கூட்டம் முழுவதற்கும் கூடுதலாக ஒரு சிற்றோய்வு, அதாவது முகாம் போடாமலே இழந்த தெம்பைக் கொஞ்சம் மீட்கும் இடைவேளை, கிடைக்கும். நான்கு பேர் ஆட்டத்தில் இதன் அருமை முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் பாணரின் உண்மையான சொத்து ஊக்கப் பகடை. சுருக்குப்பையில் நாலைந்து காசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காசை எடுத்துத் தோழருக்குக் கொடுத்தால், அவர் அடிக்கும்போதோ தப்பிக்கும்போதோ தன் பகடையோடு இதையும் சேர்த்துக்கொள்வார். தொடக்கத்தில் ஆறு முகப் பகடை, ஐந்தாம் நிலையில் எட்டு முகம், பத்தாம் நிலையில் பத்து முகம். ஐந்தாம் நிலைக்கு முன் பை காலியானால் இரவு முகாம் போட்டுத் தூங்கினால்தான் நிரம்பும். அதன் பிறகு சிற்றோய்விலேயே நிரம்பிவிடும்.

இணையத்தில் பாணர் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எது அதிகம் அடிக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. நான் பார்த்தவரை நான்கு பள்ளிகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சுருக்குப்பையை யாருக்காக அவிழ்க்கிறோம்? ஸ்வார்ட்ஸ் தனக்காக அவிழ்க்கிறது. வேலர் பக்கத்தில் நிற்பவருக்காக. லோர் எதிரியின் கையைத் தட்டிவிடுவதற்காக. கிளாமர் ஒரே காசில் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் பானகம் ஊற்றுகிறது.

ஸ்வார்ட்ஸைப் பற்றிப் புகழ்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆறாம் நிலையில் இரண்டு முறை அடிக்கலாம். இடைத்தரக் கவசம் போட்டுக்கொள்ளலாம். காசு செலவழித்துச் செய்யும் மூன்று வீச்சுகள் உண்டு. ஒன்று தன்னைக் காத்துக்கொள்ள, ஒன்று எதிரியைத் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் போய் நிற்க, மூன்றாவது ஒரே வீச்சில் இருவரை அடிக்க. அந்த மூன்றாவதில்தான் சூட்சுமம். கைக்கு அடக்கமான குறுக்குவில்லால் தூரத்திலிருந்து அதைச் செய்தால், இரண்டு அம்பையும் ஒருவன்மேலேயே இறக்கலாம்.

முகாமில் விதர்ஸ் என்று ஓர் எலும்புக்கூட்டுப் பெரியவர் இருக்கிறார். நூறு பொற்காசு கொடுத்தால் நம் பாத்திரத்தை அடியோடு மாற்றி எழுதித் தருவார், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆறாம் நிலைக்கு வந்ததும் அவரிடம் நூறு காசை எண்ணி வைத்துவிட்டு ஸ்வார்ட்ஸுக்கு மாறினேன். இரண்டு கையிலும் குறுக்குவில். அன்று இரவு முதல் சண்டை, எதிரிகள் ஆறு பேர். என் முறை வந்தது, மூன்று பேரைச் சாய்த்தேன். அடுத்த சுற்றில் இன்னும் இருவர். ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. மன்னார்குடியில் குக்கர் விசில் அடித்தது மட்டும் கேட்டது. தோழி எழுந்துபோய்ச் சுண்டலை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். அவள் வருவதற்குள் சண்டை முடிந்திருந்தது.

"நான் எதற்குக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்?" என்றாள்.

இரண்டாம் சண்டையில் தம்பியின் போர்வீரன் மாட்டிக்கொண்டான். "அக்கா, ஒரு ஊக்கம் கொடு, இந்த அடியிலிருந்து தப்பிக்க வேண்டும்" என்றான். பையைத் தொட்டேன். காலி. எல்லாவற்றையும் என் அம்புகளிலேயே செலவழித்திருந்தேன். போர்வீரன் விழுந்தான். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது.

தோழி தமிழாசிரியை. சும்மா இருப்பாளா? காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தின் கதையை எடுத்தாள். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். யாழ்முரி என்று இன்றைக்கும் அந்தப் பதிகத்துக்குப் பெயர். "அவராவது பாட்டுக்காக யாழை உடைக்கப் போனார். உன் பாடினி யாழை முதுகில் கட்டிப் போட்டுவிட்டு வில்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்" என்றாள். சிரிப்பு வந்தாலும் குத்தியது.

இங்கே என் தாத்தாவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நரசிங்கம்பேட்டை எங்கள் அம்மா பிறந்த ஊர். ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற ஊர். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தாத்தா நாகஸ்வரம் வாசித்தவர் அல்லர். ஒத்து ஊதியவர். ஒத்து பார்ப்பதற்கு நாகஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் விரல் ஓடுவதற்குத் துளை கிடையாது. அடிப்பக்கம் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்து, திறந்து, சுருதியைச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு அந்த ஒரே சுரத்தை, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விட்டு, அறுபடாமல் ஊத வேண்டும். சாமி புறப்பாடு முடியும் வரைக்கும் அதுதான் வேலை. மாலை நாகஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் விழும். ஒத்துக்காரர் பின்னால் நிற்பார். பின்னர் சுருதிப் பெட்டி வந்து அந்த வேலையும் போயிற்று. நான் பார்த்த தாத்தா திண்ணையில் வெற்றிலை இடிக்கும் தாத்தாதான். கன்னம் இரண்டும் தொய்ந்து பை போல இருக்கும், நாங்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம்.

தமிழில் ஒத்து ஊதுகிறான் என்றால் வசை. ஆமாம் சாமி போடுகிறவன் என்று பொருள். சுருதி ஒரு நூல் விலகினால் மேளம் முழுவதும் நாறிவிடும் என்று தெரிந்தவர்கள் இந்த வசையை உண்டாக்கியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறும்.

மறுவாரம் விதர்ஸுக்கு இன்னொரு நூறு காசு.

லோர் பள்ளியின் பாணரை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கனத்த கவசம் இல்லை, கேடயம் இல்லை, ஆறாம் நிலையில் இரண்டாவது அடி இல்லை. மூன்றாம் நிலையில் மூன்று திறமைகள் கூடுதலாக வரும்: மந்திர அறிவு, மிரட்டல், கைச்சாதுரியம். அதோடு வெட்டும் சொல் என்று ஒன்று. எதிரி அடிக்கக் கை ஓங்கியதும் ஆட்டம் நிற்கும்; "சொல்லவா?" என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். ஆம் என்றால் பையிலிருந்து ஒரு காசு போகும், எதிரியின் பகடையிலிருந்து அந்த அளவு கழியும். இதை நம் முறையில் செய்வதில்லை, அவன் முறையில் செய்கிறோம். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்பவருக்கு வேலை வருவது இந்தப் பள்ளியில்தான்.

அது எப்படியென்று ஒரு சண்டையை வைத்துச் சொல்கிறேன். நாங்கள் முதல்முறை லோரில் இருந்தபோது நடந்தது. பூதக்குட்டிகளைப் போன்ற கோப்ளின்களின் பாசறை. இடிந்த கோயிலுக்குள் டிரோர் ராக்சிலின் என்கிற தலைவன் அரியணையில் இருக்கிறான். தோழியின் பூசாரிணி எங்கள் மூவர்மேலும் ஆசி மந்திரத்தைப் போட்டுவிட்டு, அதை மனத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆசி இருக்கும்வரை எங்கள் அடி ஒவ்வொன்றிலும் நான்கு முகப் பகடை ஒன்று கூடும். அவள் அடி வாங்கினால் மனம் கலைந்து ஆசி போய்விடலாம். அவளிடம் மிச்சம் இருந்த உயிர்ப் புள்ளிகள் ஆறு. ராக்சிலின் அவளிடம் வந்து ஆயுதத்தை ஓங்கினான். கட்டம் வந்தது. பையில் இருந்தது கடைசிக் காசு. சொன்னேன். பகடையில் ஐந்து விழுந்தது. அவன் அடி தவறியது.

திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: அடி படவில்லை. அடுத்து வந்த தன் முறையில் அண்ணன் மகனின் திருடன் பின்னாலிருந்து குத்தி அவனை முடித்தான், ஆசியின் துணையோடு. "பார்த்தீர்களா அத்தை!" என்று விடுதியே எழுந்துகொள்ளும்படி கத்தினான். பார்த்தேன். மாலை அவனுக்கு.

ஆறாம் நிலையில் லோர் பாணருக்கு வேறு யாருடைய மந்திரத்திலிருந்தும் இரண்டைத் திருடிக்கொள்ள உரிமை உண்டு. மற்றப் பள்ளிகள் இதற்குப் பத்தாம் நிலைவரை காத்திருக்க வேண்டும். நான் எதிர்மந்திரத்தையும் நெருப்புருண்டையையும் எடுத்தேன். எதிர்மந்திரம் எதிரி மந்திரவாதியின் வாயை அடைப்பது. அதுவும் அவன் முறையில் நடப்பதுதான், பாடினியின் சுபாவத்தோடு ஒட்டிப்போகிறது. நெருப்புருண்டை ஆசைக்கு எடுத்தது. முதல் உருண்டையில் அண்ணன் மகனும் சேர்ந்து கருகினான். அதன் பிறகு நான் அதை எறியப்போகிறேன் என்று சொன்னாலே எல்லோரும் ஓடுகிறார்கள்.

லோரின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கட்டம் வந்து வந்து கேட்பதால் சண்டை இழுக்கிறது. சிறிய எதிரி ஒவ்வொருவன் கை ஓங்கும்போதும் ஆட்டம் நின்றால், சிங்கப்பூரில் இரண்டு மணிக்குக் கொட்டாவி விடுகிறவனுக்குக் கோபம் வராதா? எதிர்வினைப் பட்டியலில் போய், சில்லறைச் சண்டைகளில் வெட்டும் சொல்லை அணைத்துவைத்துவிட்டு, தலைவர்கள் வரும்போது மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று: தனியாக ஆடுகிறவருக்கு லோரின் இன்பம் பாதிதான் கிடைக்கும். மற்ற மூவரையும் நாமே நடத்தும்போது யாரைக் காப்பாற்றினோம் என்று நன்றி சொல்ல ஆளில்லை. தனி ஆட்டத்துக்கு ஸ்வார்ட்ஸே மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

வேலரை இரண்டு சனிக்கிழமை வைத்துப் பார்த்தேன். கேடயம், போர் ஆயுதங்கள், இரண்டாவது அடி எல்லாம் உண்டு. ஊக்கம் வாங்கிய தோழர் அதைத் தன் அடியின் வேகத்துக்கோ தற்காப்புக்கோகூடச் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல எண்ணம். ஆனால் கொடுத்த காசை அவர் எப்போது செலவழிப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தம்பி கடைசிவரை மடியில் முடிந்துவைத்திருந்து, தூங்கப் போகும்போதுதான் "அடடா, இது இருந்ததே" என்பான். குடும்பத்தில் பணம் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

கிளாமர் புதிது, நான் ஒரே இரவுதான் ஆடினேன். ஒரு காசில் சுற்றியிருப்பவர்களுக்குத் தற்காலிக உயிர்ப் புள்ளிகள் கிடைக்கின்றன; அவர்களை அடிக்க வருகிறவன் மயங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. நெருங்கி நின்று ஆடும் கூட்டத்துக்குச் சரிப்படும். எங்கள் திருடன் எப்போதும் கூரைமேல் இருப்பான், போர்வீரன் வேறு தெருவில் இருப்பான். பானகம் ஊற்ற ஆள் இல்லை.

எந்தப் பள்ளியானாலும் ஓர் எச்சரிக்கை. ஊர்க்காரர் ஒருவரிடம் முதலில் யார் போய்ப் பேசுகிறாரோ அவர் வாய்தான் அந்த உரையாடல் முழுவதும். மற்றவர்கள் ஒட்டுக் கேட்கலாம், யோசனை சொல்லலாம், அவ்வளவே. நாவன்மையை எல்லாம் ஏற்றிவைத்துக்கொண்டு நான் வருவதற்குள், பேசவே தெரியாத திருடன் போய்க் காவலனைச் சொடுக்கிவிடுவான். எங்கள் கூட்டத்தில் இப்போது சட்டமே போட்டிருக்கிறோம்: அத்தை வராமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

வாத்தியங்களைப் பற்றி ஒரு சொல். முழவு, குழல், லூட், லயர், வயலின் என ஐந்து உண்டு. தெருவில் நின்று வாசித்தால் கூட்டம் கூடும், காசும் விழும். கூட்டம் வாய் பார்த்திருக்கும்போது திருடன் பின்னால் போய்ச் சட்டைப் பையைத் தடவுவான். எங்களுக்கு விதர்ஸுக்குக் கொடுக்கும் நூறு காசுகள் அப்படித்தான் சேருகின்றன. பாடினிக்கு நான் குழலைக் கொடுத்திருக்கிறேன். வாசிக்கும்போது அவள் கன்னத்தைக் கவனித்துப் பார்த்தேன். உப்பவே இல்லை. இத்தனை நுணுக்கமாக முகத்தை வரைந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

இப்போது ஒன்பதாம் நிலையில் இருக்கிறோம். அண்ணன் மகன் விடுமுறையில் தனியாக ஒரு புது ஆட்டம் தொடங்கியிருக்கிறான், பாணராக, ஸ்வார்ட்ஸ் பள்ளியில். போன வாரம் கடைக்கு வந்து, சிட்டா நகல் எடுத்துக்கொண்டிருந்த என் தோளுக்கு மேலாகக் கைப்பேசியை நீட்டி, ஒரே சுற்றில் நான்கு பேரைச் சாய்த்த படத்தைக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமைக்கு மட்டும் பாணராக வந்துவிடாதே, திருடனாகவே வா என்று சொல்லி அனுப்பினேன்.